அன்றாட வாழ்வும் அற்புத உணர்வும்

ஒரு வீட்டில் சாப்பறை ஒலிக்கவும் மற்றொரு வீட்டில் மணமுழவு முழங்கவும் கேட்ட பக்குடுக்கை நன்கணியார் என்னும் சங்கப் புலவர், இப்படியோர் உலகைப் படைத்தவனையே கடிந்துகொண்டு, ஆயினும் இதன் இயல்பை உணர்ந்தவர்கள் இதில் இனியவற்றைக் காண்பார்களாக என்னும் கருத்தோடு முடித்த பாட்டு, புறநானூற்றில் 194ஆம் பாட்டாக அமைந்திருக்கிறது. அதற்கு உரை வகுத்த பழைய உரையாசிரியர், வீட்டின்பத்தைத் தரும் நற்செய்கைகளை அறிந்து செய்துகொள்ள வேண்டும் என்று புலவர் கூறியதாகப் பொருள் கொண்டார். உரையை விடுத்துப் பாட்டை மட்டும் படிப்பவர்க்கோ, கண்முன் கிடக்கும் இந்த உலகத்தையே புலவர் பார்க்கச் சொன்னதாகத் தோன்றும். ஒரு சிறு பாட்டின் முடிவில் எழும் இந்தக் கருத்து வேற்றுமை, நம் நாட்டுச் சமய வரலாறு முழுவதும் தொடர்ந்து வந்திருக்கும் ஒரு பெரிய வழக்கின் சிறு வடிவமே ஆகும். உழுவதும் நெய்வதும், உலை வைப்பதும் பாத்திரம் துலக்குவதும், பிள்ளையைக் குளிப்பாட்டுவதும் கடன்காரனுக்குப் பதில் சொல்வதுமாகக் கழிகின்ற சாமானிய மனிதனுடைய நாளில், ஆனந்தத்துக்கும் ஆச்சரியத்துக்கும் தெய்வ சம்பந்தத்துக்கும் இடம் உண்டா, அல்லது அந்த நாளைத் துறந்து வெளியேறியவர்க்கே அவை கிட்டுமா என்பதே அவ்வழக்கு.

இவ்வினாவுக்கு விடை கூறினோரை மூன்று வகுப்பினராகப் பிரிக்கலாம். அன்றாட வாழ்வு ஒரு தளை, அதை அறுத்தாலன்றி மெய்யான இன்பம் இல்லை என்பார் ஒரு சாரார். அதே வாழ்வைத் தொண்டாலும் நியமத்தாலும் தெய்வத்துக்கு உரியதாக்கிக்கொள்ளலாம் என்பார் மற்றொரு சாரார். வாழ்வில் எதையும் மாற்ற வேண்டுவதில்லை, காணும் கண் வாய்த்தால் இருப்பதெல்லாம் தெய்வமயமே என்பார் மூன்றாம் சாரார். மூவர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆயினும் மூவரும் எளிதில் மறந்துவிடக்கூடிய நிபந்தனை ஒன்று உண்டென்பதும், அந்த நிபந்தனையை முன்னிறுத்திப் பார்த்தால்தான் மற்றவற்றின் பெறுமதி விளங்கும் என்பதும் இக்கட்டுரையில் நிறுவப் புகுந்த செய்திகள்.

மருட்கையின் நான்கு வாயில்கள்

தெய்வ சம்பந்தத்தைப் பற்றிப் பேசுமுன், வியப்பு என்னும் உணர்ச்சி எவ்வாறு பிறக்கிறது என்பதைத் தெளிந்துகொள்ளுதல் நலம். தொல்காப்பியர் பொருளதிகாரத்து மெய்ப்பாட்டியலில், எண்வகை மெய்ப்பாடுகளுள் ஒன்றாக மருட்கையை வைத்து, அது புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம் என்னும் நான்கு காரணங்களால் தோன்றும் என்று வகுத்தார். முன்பு காணாததைக் காண்பது புதுமை. அளவிறந்ததைக் காண்பது பெருமை. மிக நுண்ணியதைக் காண்பது சிறுமை. ஒரு பொருள் பரிணமித்து வேறொன்றாவதைக் காண்பது ஆக்கம். பார்வைக்கு வெறும் பட்டியலாகத் தோன்றும் இந்நான்கும், நாம் எடுத்துக்கொண்ட வினாவுக்குப் பெருந்துணை புரிவன.

வடமொழியில் நாட்டிய சாஸ்திரம் இயற்றிய பரத முனிவர், அற்புத ரஸத்துக்குரிய விபாவங்களாகிய காரணங்களைக் கூறுமிடத்து, தேவர்களைக் காணல், விரும்பியது கைகூடல், உபவனங்களுக்கும் தேவாலயங்களுக்கும் செல்லல், விமானம், மாயை, இந்திரஜாலம் முதலியவற்றை எடுத்துரைத்தார். நாடக மேடைக்கு வேண்டுவது அத்தகைய அபூர்வக் காட்சிகளே ஆதலின், அவர் அவ்வாறு வகுத்தது பொருத்தமே. நம் காலத்து உளவியலாரும் ஏறக்குறைய அவ்வழியே சென்றிருக்கின்றனர். 2003ஆம் ஆண்டில் டாக்கர் கெல்ட்னர், ஜோனதன் ஹைட் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் பெருவியப்பைப் பற்றி எழுதிய கட்டுரையில், எதிர்ப்படும் பொருளின் பேரளவும், அதை அடக்கிக்கொள்ள நம் அறிவு தன்னை மாற்றியமைத்துக்கொள்ள வேண்டிய நிர்ப்பந்தமுமாகிய இரண்டே அவ்வுணர்ச்சியின் அடிப்படை என்றனர். முன்னதைத் தொல்காப்பியர் கூறிய பெருமையோடும், பின்னதைப் புதுமையோடும் ஓரளவு இணைத்துப் பார்க்கலாம்.

ஆனால் புதுமையும் பெருமையும் நாள்தோறும் கிடைப்பவை அல்ல. இமயத்தை நாள்தோறும் பார்ப்பவனுக்கு இமயமும் வேலியாகிவிடும். புதுமையை நாடி ஓடுகிறவன் நாளடைவில் அதிகப் புதுமையையே நாட வேண்டியவனாகிறான். சிறுமையும் ஆக்கமுமோ வீட்டை விட்டு வெளியேறாதவனுக்கும் கிட்டுவன. இரவில், பொறுக்கத்தக்க சூட்டிலுள்ள பாலில் முந்தின நாள் தயிரில் ஒரு சிறு கரண்டி விட்டு உறை குத்தி மூடிவைக்கிறாள் ஒருத்தி. விடிவதற்குள் அந்தப் பால் கரண்டியில் வெட்டி எடுக்கும்படி தோய்ந்துவிடுகிறது. இன்றைய தயிருக்கு நேற்றைய தயிர் உறை, நேற்றையதற்கு அதற்கு முந்தையது உறை என்று அந்தத் தொடர்ச்சியைப் பின்னோக்கிக் கொண்டுபோனால், அது அவளுடைய மாமியார் கையையும் தாண்டி, பெயர் தெரியாத எத்தனையோ கைகள் வழியாகச் செல்லும். அதே அடுக்களையில், தனித்தனியே ஊறி அரைபட்ட அரிசியும் உளுந்தும் உப்பிட்டுக் கரைத்த மாவாக ஒரு மூலையில் கிடந்து, காலையில் பாத்திரத்தின் விளிம்பு வரை பொங்கி நிற்கிறது. லியூக்கோநாஸ்டாக் என்னும் நுண்ணுயிர் கரியமில வாயுவை உண்டாக்கி மாவைப் பொங்கச் செய்கிறது என்று விஞ்ஞானிகள் கூறும்போது வியப்புக் குறைவதற்கு மாறாக இரட்டிக்கிறது. ஆக்கம் ஒன்றை மட்டும் கண்டிருந்த இடத்தில், கண்ணுக்குப் புலப்படாத சிறுமையும் வந்து சேர்ந்துகொள்கிறது. ஆகவே அன்றாட வாழ்வில் வியப்புக்குரிய பொருள் இல்லை என்னும் வாதம் முதற்படியிலேயே வீழ்ந்துவிடுகிறது. பொருள் உளது, அதை அனுபவமாக்குவது எது, தடுப்பது எது என்பனவே ஆராயத்தக்கவை.

துறவியர் ஆட்சேபம்

தடுப்பது சம்சாரமே என்பது துறவியர் விடை. மனைவி மக்கள், வீடு வாசல், தேடிய பொருள் ஆகியவற்றில் தோய்ந்த மனம் தயிரையும் மாவையும் கண்டு எவ்வாறு தெய்வத்தை நினைக்கும், அடுத்த வேளைச் சோற்றையன்றோ நினைக்கும் என்று அவர்கள் கேட்பார்கள். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. நாள்தோறும் செய்யும் காரியங்கள் நம்மைப் பயனிலேயே கண்வைக்கும்படி பழக்குகின்றன. பயனில் கண்வைத்தவனுக்குப் பொருள் கண்ணிற்படாது. வைராக்கியம் என்பது இந்தப் பயன்நோக்கை அறுப்பதற்கு நம் முன்னோர் கண்ட மருந்து.

ஆயினும் அம்மருந்தின் அளவைப் பற்றித் தமிழ்ச் சான்றோர் மிக எச்சரிக்கையாகவே இருந்திருக்கின்றனர். திருவள்ளுவர் அறத்துப்பாலில் இல்லறவியலை முன்னும் துறவறவியலைப் பின்னுமாக வைத்து, முன்னதற்கு 20 அதிகாரங்களும் பின்னதற்கு 13 அதிகாரங்களும் வகுத்தார். துறவின் பெருமையைச் சிறிதும் குறைத்துக் கூறாத அப்பெரியார், மக்கட்பேறு என்னும் அதிகாரத்தில் குழந்தையின் கை பட்ட உணவின் சுவையையும், அதன் மெய் தீண்டலையும், மழலையையும் பேசுவதற்குத் தயங்கவில்லை. புறநானூற்றின் 188ஆம் பாட்டில் பாண்டியன் அறிவுடை நம்பி என்னும் அரசனும், உண்கலத்தில் கைவிட்டு நெய்ச்சோற்றை மேலெல்லாம் சிந்திக்கொள்ளும் குழந்தை இல்லாத வாழ்நாள் பயனற்றது என்னும் கருத்தைப் பாடினான். பெருஞ்செல்வத்தின் நடுவே இருந்த மன்னன் ஒருவன், வாழ்வின் பயனை அச்சிறு கையின் குறும்பில் கண்டது குறிப்பிடத்தக்கது.

துறவின் எல்லைக்கே சென்றவரான பட்டினத்தடிகளின் வரலாறு இன்னும் சிந்தித்தற்குரியது. உடம்பையும் உறவையும் அவரைப்போல் இகழ்ந்து பாடியவர் தமிழில் அரியர். அத்தகையவர் தம் தாயின் ஈமக் கிரியைக்கு ஓடி வந்ததையும், சிதையின் முன் நின்று பாடியதையும் தமிழ்நாடு மறக்கவில்லை. அப்பாட்டுக்களில் அவர் நினைந்து உருகுவது தத்துவத்தை அன்று. சுமந்ததும், பாலூட்டியதும், சீராட்டியதும், வாயில் உணவூட்டியதுமாகிய நாள்தோறும் எல்லா வீடுகளிலும் நடக்கும் காரியங்களையே. அனைத்தையும் துறந்தவர் துறக்க இயலாமல் நின்ற இடம் அதுவாயிற்று. ஆகவே, துறவியர் ஆட்சேபத்திலிருந்து நாம் கொள்ளத்தக்கது, பயனிலிருந்து சிறிது விலகி நிற்கும் மனப்பழக்கம் வேண்டும் என்பதே. வாழ்விலிருந்தே விலக வேண்டும் என்பது அதனால் பெறப்படாது.

தொழிலும் தொண்டும்

இரண்டாம் வகுப்பினரின் விடையைத் தமிழில் மிக விரிவாகச் சொன்ன நூல், 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் இயற்றிய பெரியபுராணம். அதில் வரும் தனியடியார் 63 பேரையும் ஒருமுறை எண்ணிப் பார்த்தால், அரசரும் அந்தணரும் வணிகருமாகிய மேன்மக்களுக்கு நடுவே, சிதம்பரத்தில் மண் ஓடு வனைந்த திருநீலகண்டர், காஞ்சியில் துணி வெளுத்த திருக்குறிப்புத் தொண்டர், நாகையில் மீன் பிடித்த அதிபத்தர், துணி நெய்த நேசர், எண்ணெய் ஆட்டும் மரபில் பிறந்த கலியர், பசு மேய்த்துக் குழலூதிய ஆனாயர் ஆகியோர் அமர்ந்திருப்பதைக் காணலாம். இவர்களுள் எவரும் தம் தொழிலை விட்டுக் கோயிலுக்குள் புகுந்து அடியாராகவில்லை. அதிபத்தர் தமக்கு அகப்பட்ட மீன்களுள் ஒன்றை நாள்தோறும் இறைவனுக்கென்று கடலில் விட்டார். திருநீலகண்டர் அடியார்க்கு ஓடு வனைந்து கொடுத்தார். திருக்குறிப்புத் தொண்டர் அடியாருடைய அழுக்குத் துணியை வாங்கி வெளுத்துக் கொடுத்தார்.

இவ்வரலாறுகளைப் படிக்கும் நாம், சோதனை வரும் நாளை மட்டும் நினைவிற்கொண்டு மற்ற நாட்களை மறந்துவிடுகிறோம். மழை விடாமையால் ஏழை அடியாரின் துணி உலராதது கண்டு கல்லில் தலையை மோதிக்கொண்ட திருக்குறிப்புத் தொண்டரைத்தான் நாம் அறிவோம். அதற்கு முன் எத்தனையோ ஆண்டுகள் மழையும் சோதனையும் இன்றி, வெயிலில் துணி நன்றாக உலர்ந்து, மாலையில் அதை மடித்துக் கொடுத்துவிட்டு அவர் வீடு திரும்பிய நாட்களை நாம் எண்ணுவதில்லை. நம்முடைய வினாவுக்கு விடை அந்த நாட்களிலேதான் இருக்கிறது. சோதனை நாளின் உறுதி, கதை இல்லாத அந்த நாட்களில் சிறுகச் சிறுகச் சேர்ந்தது. திருநாவுக்கரசர் போன்ற மகாகவி, கையில் உழவாரப் படையை ஏந்தி ஊர்தோறும் கோயில் வெளிகளில் புல் செதுக்கிய செய்தியையும் இவ்விடத்தில் நினைத்தல் தகும். பதிகம் பாடிய நேரம் சிறிதாகவும், குனிந்து புல் செதுக்கிய நேரம் பெரிதாகவும் இருந்திருக்கும். அவருடைய திருவுருவைச் சமைத்த சிற்பிகளும் அவர் கையில் அக்கருவியையே கொடுத்தனர்.

இக்கொள்கை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. 12ஆம் நூற்றாண்டில் கன்னட நாட்டில் பசவண்ணரும் அவரைச் சார்ந்த சிவசரணரும், உழைப்பைக் காயகம் என்றும், உழைப்பின் பயனைப் பகிர்ந்தளிப்பதைத் தாசோகம் என்றும் பெயரிட்டு, இரண்டையும் பிரிக்க முடியாத இணையாகப் போதித்தனர். சிந்திய அரிசியைப் பொறுக்கி அடியார்க்கு அமுது படைப்பதையே தொழிலாகக் கொண்ட ஆய்தக்கி மாரய்யர், ஒருநாள் வழக்கத்துக்கு மிஞ்சிய அரிசியைக் கொண்டுவர, அவருடைய மனைவி லக்கம்மா அதை ஏற்காமல் மிகுதியைத் திரும்பக் கொண்டுபோய்ப் போட்டுவரும்படி கணவரைக் கண்டித்தார் என்பது அவர்களிடையே வழங்கும் வரலாறு. மகாராஷ்டிரத்தில் குயவரான கோரா, தோட்டக்காரரான சாவதா மாலி, நாமதேவர் வீட்டுப் பணிப்பெண்ணான ஜனாபாய் ஆகியோர் பண்டரிபுரத்து விட்டலனைத் தத்தம் தொழிலிடத்திலேயே கண்டனர். ஜனாபாயோடு உட்கார்ந்து விட்டலன் திரிகை சுற்றினான் என்று அந்நாட்டார் இன்றும் கதை சொல்வர். 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மல் மடம் ஒன்றில் சமையற்கட்டு வேலையும், பின்னர் செருப்புத் தைக்கும் வேலையும் பார்த்த லாரன்ஸ் என்னும் சகோதரர், பாத்திரங்களின் ஓசைக்கு நடுவே தமக்குக் கிடைத்த தெய்வ சந்நிதி உணர்வு, ஜபவேளையில் கிடைப்பதற்குச் சிறிதும் தாழ்ந்ததன்று என்று கருதினார்.

நாடும் காலமும் சமயமும் வேறுபட்ட இவ்வரலாறுகள் அனைத்திலும் பொதுவாக நிற்கும் அம்சம் ஒன்று உண்டு. இவர்கள் செய்த காரியம் யாரோ ஒருவரைச் சென்று சேர்ந்தது. ஓட்டுக்கு அதை ஏந்துகின்ற கை இருந்தது. துணிக்கு அதை உடுக்கும் உடம்பு இருந்தது. அரிசிக்குப் பசித்த வயிறு இருந்தது. தொழிலில் தெய்வம் உண்டு என்று பொதுப்படச் சொன்னால் போதாது. பிறரைச் சென்று சேரும் தொழிலிலேயே அவர்கள் தெய்வத்தைக் கண்டனர். லக்கம்மா மிகுதியை மறுத்ததன் கருத்தும் இதுவே: நாளை வேண்டும் என்று சேர்த்து வைத்தால் இன்று செய்யும் செயலில் உள்ள பூரணத்துவம் கெட்டுவிடும்.

பழக்கமும் கவனமும்

தொண்டும் நாட்பட நாட்பட வெறும் பழக்கமாகிவிடக்கூடும் என்பது அடுத்த சங்கடம். மனிதன் எதற்கும் பழகிவிடுவான் என்பதை நிறுவிய ஆராய்ச்சிகளுள், 1978ஆம் ஆண்டில் அமெரிக்காவில் பிரிக்மன் முதலியோர் வெளியிட்டது பெயர் பெற்றது. பெரிய லாட்டரிப் பரிசு பெற்ற 22 பேரை அவர்கள் விசாரித்தபோது, பரிசு பெறாதவர்களைவிட அவர்கள் அதிக மகிழ்ச்சியோடு இருப்பதாகத் தெரியவில்லை. மேலும், நண்பரோடு பேசுதல், காலை உணவு போன்ற சில்லறைக் காரியங்களில் பரிசு பெற்றவர்கள் கொண்ட இன்பம் மற்றவர்களைவிடக் குறைந்தே இருந்தது. சிறிய தொகுதியை வைத்துச் செய்த ஆராய்ச்சி ஆதலின் அதன்மேல் பெரிய கட்டடம் எழுப்பலாகாது. ஆயினும் பெருமை சிறுமையை விழுங்கிவிடும் என்னும் எச்சரிக்கையை அதிலிருந்து பெறலாம்.

பழக்கத்தை வெல்ல நம் முன்னோர் கைக்கொண்ட உபாயங்களுள் கோலம் ஒன்று. வைகறையில் வாசலைப் பெருக்கிச் சாணநீர் தெளித்து, ஈரம் முற்றும் காயுமுன், கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே அரிசிமாவை எடுத்து ஒரே அளவாகப் புள்ளி வைத்து, அப்புள்ளிகளைச் சுற்றிச் சிக்குக் கோலத்தின் இழையைக் கையெடுக்காமல் வளைத்துக்கொண்டு செல்லும் பெண்ணுக்கு, கவனம் ஒரு கணம் பிசகினாலும் இழை வேறு வழியிற் சென்று தொடங்கிய இடத்துக்குத் திரும்பாமற் போய்விடும். நாள்தோறும் செய்யும் வேலையே ஆயினும் நாள்தோறும் கவனத்தைக் கேட்கும் வேலை அது. அவள் எழுந்து நிமிர்ந்து பார்க்கும்போதே ஓர் எறும்பு ஓரத்து மாவில் ஒரு துகளைத் தூக்கிக்கொண்டு போகத் தொடங்கியிருக்கும். பகலில் வருவோர் போவோர் மிதித்து அது அழிந்தாலும் அவள் வருந்துவதில்லை. கலை, தர்மம், நிலையாமை ஆகிய மூன்றுக்கும் இதனினும் சுருக்கமான பாடம் அரிது. இந்த வாசற்கலைக்குள் ஒளிந்திருக்கும் கணிதம் சிறிதன்று என்பதை, சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சி உலகுக்குக் காட்டிற்று. கணிப்பொறி விஞ்ஞானத்தில் வடிவங்களுக்கு இலக்கணம் வகுக்கும் முறையை அவர்கள் கோலங்களைக் கொண்டு விளக்கினர்.

மற்றோர் உபாயம் பஞ்சாங்கம். ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓடவிடாமல், மார்கழி என்று ஒரு திங்களைப் பிரித்து, அதில் கோலத்தைப் பெரிதாக்கி, சாண உருண்டையிற் பூசணிப்பூச் செருகி, ஆண்டாள் அருளிய திருப்பாவைப் பாசுரங்கள் முப்பதையும் நாளைக்கு ஒன்றாக ஓதச் செய்ததன் பயன், மறந்துபோன விடியற்காலத்தை மீட்டுத் தருவதே. ஆயுத பூஜை இதனினும் நுட்பமானது. அரிவாள்மனை, தறி, ரம்பம், கணக்குப் புத்தகம், லாரி என்று அவரவர் நாள்தோறும் கையாளும் கருவியைத் துடைத்துப் பொட்டிட்டு, அன்று ஒருநாள் அதைப் பயன்படுத்தாமல் வைத்துவிடுகிறோம். பயன்படுத்தும்போது கருவி கண்ணிற்படுவதில்லை. பயனை ஒருநாள் நிறுத்திவைத்தால், இத்தனை நாளும் நமக்குச் சோறு போட்ட பொருள் எதிரே அமர்ந்திருப்பதைக் காண்கிறோம். துறவியர் வாழ்நாள் முழுவதற்கும் விதித்த விலகலை, இல்லறத்தார் ஆண்டுக்கு ஒருநாள் கைக்கொண்டு தமக்கு ஏற்ற மருந்தாக்கிக்கொண்டனர்.

இத்தகைய உபாயங்களையும் வேண்டாதவர் மூன்றாம் வகுப்பினர். பூசைக்கு மலர் கொய்யச் சென்று, அம்மலரிலேயே இறைவனைக் கண்டு கொய்ய மனம் வராமல் நின்ற நிலையைத் தாயுமானவர் பாடியிருக்கிறார். சுப்பிரமணிய பாரதியார் கண்ணனைத் தோழனாகவும் தாயாகவும் குழந்தையாகவும், வந்து சேர்ந்த சேவகனாகவும் பாடி, வீட்டுக்குள் நடமாடும் உறவுகளில் தெய்வத்துக்கு இல்லாத இடமே இல்லை என்று காட்டினார். காற்றையும் வெயிலையும் கயிற்றையும் பற்றி அவர் எழுதிய வசன கவிதைகளில், கண்ணில் பட்ட பொருளெல்லாம் உயிர்பெற்றுப் பேசுகிறது. இந்நிலை வாய்த்தவர்க்குத் தொண்டும் நியமமும் ஏணியாக நின்று, பின் தாமே கழன்றுவிடுகின்றன. ஆனால் இந்நிலை வேண்டும்போது வருவதன்று. வந்தவர்க்கும் எப்போதும் நிலைப்பதன்று. பாரதியாரே கவலையும் சலிப்பும் மிக்க பாடல்கள் பலவற்றை எழுதியிருக்கிறார்.

மறந்துபோகும் நிபந்தனை

பாரதியாரின் வாழ்க்கையிலிருந்தே நாம் தொடக்கத்தில் குறித்த நிபந்தனைக்கு வரலாம். சமையலுக்கென்று முறத்தில் எடுத்து வைத்திருந்த அரிசியைப் பாரதியார் அள்ளிக் குருவிகளுக்கு இறைத்துவிட்டு, அவை கொத்தித் தின்பதைக் கண்டு களித்த நிகழ்ச்சியை அவருடைய துணைவியார் செல்லம்மா பாரதி நினைவுகூர்ந்திருக்கிறார். தமிழ்நாட்டில் இதை அறியாதவர் இலர். கவிஞரின் ஆனந்தத்தைக் கண்டு நாமும் களிக்கிறோம். ஆயினும் அதே முற்றத்தில் அதே கணத்தில், அடுப்பை மூட்டி வைத்துவிட்டு அரிசிக்கு எங்கே போவது என்று திகைத்து நின்ற ஒருவர் இருந்தார். ஒரே பிடி அரிசி ஒருவர்க்கு அற்புதமாகவும் மற்றொருவர்க்குக் கவலையாகவும் ஆயிற்று. அன்றாட வாழ்வின் அற்புதத்தைப் பற்றிப் பேசும் கட்டுரைகளும் உபந்நியாசங்களும் பெரும்பாலும் குருவிகளோடு நின்றுவிடுகின்றன; வெறும் முறத்தை நோக்குவதில்லை.

கோலத்தையும் அடுக்களையையும் புகழ்வதில் உள்ள அபாயமும் இதுவே. இடுப்பு வலியோடு விடியற்காலையில் எழுந்து, வாசல் பெருக்கி, நீர் சுமந்து, எல்லோரும் உண்டபின் உண்ணும் பெண்ணிடம், உன் வேலையில் தெய்வத்தைக் காண் என்று உபதேசிப்பது, அவ்வேலையில் ஒன்றையும் பகிர்ந்துகொள்ளாதவனுக்கு மிக எளிது. திருநாளைப்போவார் என்னும் அடியாரின் வரலாறும் அவ்வகையிற் கசப்பானது. கோயிலின் முழவுகளுக்குத் தோலும் வாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும் நாள்தோறும் கொடுத்துத் தம் தொழிலையே தொண்டாக்கிக்கொண்டவர் அவர். பிறந்த குலம் காரணமாக, தம் கைப்பொருளால் முழங்கிய முழவின் ஓசையை மதிலுக்கு வெளியே நின்று கேட்கவேண்டியவராகவும் இருந்தார். வெளியே நின்ற அவர் இறைவனைக் காணும்படி திருப்புன்கூரில் நந்தி விலகிற்று என்பது பக்தியின் வெற்றி. மனிதர் விலகவில்லை என்பது ஊரின் தோல்வி. அன்றாடத்தில் தெய்வத்தைக் காண் என்னும் போதனை, அன்றாடத்தை மாற்றாதே என்னும் கட்டளையாகத் திரிந்துவிட்டால், அது சமயத்தின் பெயரால் செய்யப்படும் அநீதி ஆகும்.

இந்த முடிச்சை அவிழ்த்தவர் என்று இராமலிங்க வள்ளலாரைச் சொல்லலாம். பார்வதிபுரத்து மக்கள் அளித்த 80 காணி நிலத்தில், வடலூரில் அவர் 1867ஆம் ஆண்டில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, பசித்து வந்தவர் யாராயினும் சாதி சமயம் கேளாமல் சோறிட ஏற்பாடு செய்தார். அங்கே அன்று மூட்டிய அடுப்பு இன்றளவும் அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. சோதி வழிபாட்டுக்குரிய சத்திய ஞானசபையை அவர் அமைத்தது 1872ஆம் ஆண்டில்தான். அடுப்பு முந்தியும் ஆலயம் பிந்தியும் வந்த இந்த வரிசை கருதத்தக்கது. தாது வருஷப் பஞ்சம் தென்னாட்டைச் சூறையாடுவதற்கு ஏறக்குறைய பத்தாண்டு முன்னரே, பசியை ஆன்ம விசாரணையின் முதற்பொருளாக வைத்தவர் அவர். ஜீவகாருண்ய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில், பசி ஏறும்போது மனமும் புத்தியும் கரணங்களும் எவ்வாறு ஒவ்வொன்றாகத் தளர்கின்றன என்பதையும், உண்டபின் முகத்திலும் உள்ளத்திலும் எவ்வாறு தெளிவு மீள்கிறது என்பதையும், ஒரு வைத்தியர் நோயாளியைக் கவனிப்பதுபோல் அவர் விவரித்திருக்கிறார். பசித்தவனுக்குச் சிறுமையும் தெரியாது, ஆக்கமும் தெரியாது. அவன் காண்பது சோறு ஒன்றே. அச்சோறு கிடைத்தபின் அவன் முகத்தில் தோன்றும் மலர்ச்சியைத் தெய்வ விளக்கத்தோடு சேர்த்து எண்ணினார் வள்ளலார். பெரியபுராணத்து அடியார்கள் சிவனடியாரைத் தேடிச் சோறிட்டனர். வள்ளலார் பசியையே அடியார்க்குரிய அடையாளமாகக் கொண்டார்.

முடிவு

இதுகாறும் கண்டவற்றைத் தொகுத்து நோக்கினால், அன்றாட வாழ்வில் அற்புத உணர்வு விளைவதற்கு மூன்று வேண்டுமென்பது புலனாகும். புதுமையையும் பெருமையையும் நாடி அலையாமல், சிறுமையிலும் ஆக்கத்திலும் தங்கும் கவனம் ஒன்று. அக்கவனத்தைப் பழக்கம் விழுங்காதபடி காப்பதற்கே நியமங்களும் திருநாட்களும் பயனிலிருந்து சிறுபொழுது விலகி நிற்கும் மனநிலையும் வேண்டப்படுகின்றன. செய்கின்ற காரியம் பிறர் ஒருவரைச் சென்று சேரும் தொண்டாக அமைதல் இரண்டாவது. இவ்விரண்டும் வேர்கொள்வதற்கு, வயிறு நிறைந்திருத்தலும், பிறருடைய காவலுக்கும் ஏவலுக்கும் உட்படாத சிறிது பொழுது தனக்கென்று இருத்தலும் மூன்றாவது. முதலிரண்டைத் தனிமனிதன் தன் முயற்சியால் தேடிக்கொள்ளலாம். மூன்றாவதோ, குடும்பமும் ஊரும் அரசும் சேர்ந்து ஒவ்வொருவருக்கும் கொடுத்துத் தீரவேண்டிய கடன்.

இக்கடனை மறந்துவிட்டு ஆனந்தத்தைப் பற்றிப் பேசுவது ஓய்வுள்ளவர்களின் அலங்காரப் பேச்சாக முடியும். கடனைத் தீர்த்தபின்தான் ஆனந்தம் என்று காத்திருப்பதும் பிழையே. ஏனெனில், கடனைத் தீர்ப்பதற்கு வேண்டிய கருணை, கவனமுள்ள கண்ணிலேதான் முதலில் பிறக்கிறது. சோறு பொங்குவதை வியந்து பார்க்கத் தெரிந்தவனுக்கே, அது பொங்காத வீடும் கண்ணிற்படும். ஆதலின், தன் நாளில் அற்புதம் உண்டா என்று ஆராயப் புகுந்தவன், தன் வீட்டில் அதைக் காண ஓய்வு பெற்றவர் யார், பெறாதவர் யார் என்னும் கேள்வியையும் உடன் கேட்டு, பெறாதவருடைய வேலையில் ஒரு பகுதியைத் தன் கையில் வாங்கிக்கொள்வானாக. அவ்வாறு வாங்கிக்கொண்ட வேலை, முன்னர்க் கூறிய மூன்று நிபந்தனைகளையும் ஒருங்கே நிறைவேற்றுவதாக அமையும்.